எந்தப் படலம், எப்படிப் படிந்தது?

2018-ஆம் ஆண்டு ஜூலை இறுதி வாரம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் காலைப் பாசஞ்சர் வண்டியில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு செய்தித்தாள் நறுக்கை நீட்டினார். "சார், பெங்களூரில் கண்டுபிடித்துவிட்டார்களாம்! குளிர்விக்கவே வேண்டாமாம்!" வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டுவதற்குள் நான் அதை இரண்டு முறை படித்துவிட்டேன். அன்று முதல் பாடவேளையிலேயே, அறை வெப்பநிலையில் இயங்கும் மீக்கடத்தி நம் நாட்டிலேயே உருவாகிவிட்டது என்று வகுப்பில் அறிவித்தேன். மாணவர்கள் கைதட்டினார்கள். ஆகஸ்டு மாதத்தில் அதே வகுப்பில் நின்று, "பொறுங்கள், அது இன்னும் உறுதியாகவில்லை" என்று சொல்ல வேண்டி வந்தது. "நீங்கள்தானே சார் சொன்னீர்கள்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்கு அன்று என்னிடம் நல்ல விடை இல்லை. தாமதமாகவேனும் அந்த விடையை இங்கே எழுத முயல்கிறேன். வாசகர்களே, அந்த ஆய்வுக் கட்டுரையை நீங்களும் நானும் சேர்ந்து ஒரு முறை விமர்சன நோக்கோடு படிப்போம்.

முதலில் கட்டுரை என்ன சொன்னது என்று பார்ப்போம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேவ் குமார் தாப்பா, அன்ஷு பாண்டே ஆகிய இருவரும் 2018 ஜூலை 23 அன்று ஆர்க்கைவ் என்னும் முன்பதிப்புக் களஞ்சியத்தில் அதை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்களைத் தங்கத்தினுள் பதித்துச் செய்த படலங்களும் வில்லைகளும் அவர்களுடைய மாதிரிகள். இவற்றைக் குளிர்வித்தபோது 236 கெல்வினுக்குக் கீழே மின்தடை சடுதியில் வீழ்ந்து, ஓர் ஓமின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாயிற்று. அதே வெப்பநிலையில் மாதிரிகள் காந்தப் புலத்தை வலுவாக விலக்கும் டயா காந்தத் தன்மையையும் பெற்றன. மாறுநிலை வெப்பநிலையை அறை வெப்பநிலைக்கும் மேலே உயர்த்தும் வழிகளையும் விவரிப்பதாகக் கட்டுரை கூறியது.

மீக்கடத்திக்கு இலக்கணம் இரண்டு. மின்தடை பூச்சியமாக வேண்டும். காந்தப் புலம் உள்ளிருந்து வெளியேற்றப்பட வேண்டும். இரண்டையும் கட்டுரை காட்டுவதாகச் சொன்னது. அப்படியானால் குறை எங்கே?

எல்லோரும் அறிந்த குறை ஒன்று உண்டு. அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியலர், கட்டுரையின் காந்த ஏற்புத்திறன் வரைபடத்தில் ஒரு விந்தையைக் கண்டார். வெவ்வேறு காந்தப் புலங்களில் எடுத்த இரண்டு வளைகோடுகளிலும் புள்ளிகளின் ஒழுங்கற்ற நடுக்கம் ஒரே மாதிரியாக இருந்தது. ஒன்றைச் சற்று மேலே தூக்கி வைத்தால் மற்றொன்று. அளவீட்டில் தோன்றும் இரைச்சல் ஒருமுறை வந்தது போல் மறுமுறை வருவதில்லை. இரண்டு நாட்கள் கடற்கரையில் நின்று அலைகளை வரைந்து, இரண்டு படங்களும் ஒன்றாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? ஆகஸ்டு மாதத்தில் ஸ்கின்னர் இதை வெளியிட்டதும் செய்தித்தாள்களின் உற்சாகம் அடங்கிவிட்டது. இந்த ஒற்றுமை எப்படி வந்தது என்பதைக் கட்டுரையாளர்கள்தான் விளக்க வேண்டும். உள்நோக்கம் கற்பிப்பது நமது வேலை அன்று.

ஆனால் என் விமர்சனம் அந்த வரைபடத்தைப் பற்றியது அன்று. அந்த நடுக்கத்தைக் காணப் பழகிய கண் வேண்டும். எனக்கு அது இல்லை, என் மாணவர்களுக்கும் இல்லை. அதற்கு முன்பே, வரைபடங்களைப் பார்க்காமலே, யாரும் கேட்டிருக்கக்கூடிய வேறொரு கேள்வி உண்டு: இந்தப் படலத்தை எப்படிச் செய்தீர்கள்? முதல் வடிவத்தில் இதற்குக் கிடைத்த விடை மிகவும் சுருக்கமானது. கூழ்ம வேதியியலின் பழகிய முறைகள் என்ற அளவில் அது நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறோர் ஆய்வுக்கூடம் அதே படலத்தைச் செய்துவிட முடியாது. நான் அந்தப் பகுதியை ஒரு சடங்கைப் போலத் தாண்டிப் போனேன். இயற்பியல் படித்தவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. செய்முறை என்பது சமையற்காரர் வேலை, முடிவுதான் அறிவியல் என்று ஓர் எண்ணம். மெல்லிய படலங்களின் உலகில் இதைவிடத் தவறான எண்ணம் இல்லை.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் போகும் வழியில் முண்டியம்பாக்கம் ஆலையில் பாகு காய்ச்சப்பட்டுச் சிறு சிறு படிகங்களாக வருகிறது. அதே சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நாட்கணக்கில் அசைக்காமல் வைத்தால் கற்கண்டு. அதையே உருக்கிச் சுழலும் துளைகள் வழியே வீசி, காற்றில் நொடிப்பொழுதில் உறையவிட்டால் மயிலம் பங்குனி உத்திரத்தில் விற்கும் பஞ்சுமிட்டாய். (சாயம் சேர்க்காத வெள்ளைப் பஞ்சுமிட்டாயைத்தான் சொல்கிறேன்.) மூன்றிலும் மூலக்கூறு ஒன்றே. ஆனால் பஞ்சுமிட்டாயில் மூலக்கூறுகள் வரிசையில் அமர நேரமே கிடைக்கவில்லை. அது படிகமற்ற கண்ணாடி நிலை. ஈரக்காற்றில் சிறிது நேரம் வையுங்கள். மூலக்கூறுகள் நகர்ந்து படிகமாகத் தொடங்கும், பஞ்சு சுருங்கிவிடும்.

இப்போது சர்க்கரைக்குப் பதில் பிஸ்மத் என்ற உலோகத்தை வையுங்கள். 1954-இல் ஜெர்மனியைச் சேர்ந்த புக்கல், ஹில்ஷ் என்ற இருவர் பிஸ்மத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி, திரவ ஹீலியத்தால் குளிர்வித்த ஒரு தட்டின்மேல் படியவிட்ட சோதனைகளை வெளியிட்டனர். தட்டைத் தொட்ட அணு தொட்ட இடத்திலேயே உறைந்துவிட்டது. இப்படிக் கிடைத்த படிகமற்ற படலம் ஏறத்தாழ 6 கெல்வினில் மீக்கடத்தியாயிற்று. அதே படலத்தைச் சற்றே சூடாக்கியபோது, சுமார் 20 கெல்வினை எட்டுவதற்குள் அணுக்கள் வரிசைக்கு வந்து படிகமாயின. மீக்கடத்துத் திறன் மறைந்துவிட்டது. மீண்டும் குளிர்வித்தும் பயனில்லை. பஞ்சுமிட்டாய் சுருங்கியபின் அதை மறுபடி ஊதிப் பெரிதாக்க முடியுமா?

அப்படியானால் படிக பிஸ்மத் மீக்கடத்தியே அன்றா? நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2016 டிசம்பரில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஓம் பிரகாஷ், அனில் குமார், அ. தமிழவேல், எஸ். இராமகிருஷ்ணன் ஆகியோரின் முடிவு 'சயன்ஸ்' இதழில் வந்தது. மிகத் தூய பிஸ்மத் ஒற்றைப் படிகம் சாதாரண அழுத்தத்தில் 0.53 மில்லிகெல்வினில் மீக்கடத்தியாகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். ஒரு கெல்வினில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள அந்தத் தாழ்ந்த வெப்பநிலையை எட்டுவதே பெரும் சாதனை. இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள்: 6 கெல்வின்; 0.00053 கெல்வின். ஒரே தனிமம், பதினோராயிரம் மடங்கு வேறுபாடு. குளிர்ந்த தட்டில் படிந்ததா, உருகிய குழம்பிலிருந்து மெதுவாக வளர்ந்ததா என்பதே இதைத் தீர்மானித்தது. எனவே "பிஸ்மத்தின் மாறுநிலை வெப்பநிலை யாது?" என்று தேர்வில் கேட்டால், "எந்தப் பிஸ்மத்?" என்று திருப்பிக் கேட்கும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். நம் பாடநூல்களில் தனிமத்தின் பெயருக்கு எதிரே ஒரே எண்ணை அச்சிடும் அட்டவணை இதை எங்கும் சொல்வதில்லை.

இது தாழ்வெப்பநிலை விநோதம் மட்டும்தானோ என்று ஐயம் எழலாம். 1987-இல் உலகையே கலக்கிய இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடைப் பார்ப்போம். அட்டவணையில் இதற்கு எதிரே 92 அல்லது 93 கெல்வின் என்று இருக்கும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினைவிட அதிகம் என்பதால் ஏற்பட்ட பரபரப்பை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வார்கள். ஓர் இட்ரியத்துக்கு 2 பேரியம், 3 செம்பு என்பது நிலையானது. ஆனால் ஆக்சிஜன் எத்தனை? ஏழுக்கு மிக அருகில் இருந்தால்தான் 92 கெல்வின். 6.6 அளவுக்குக் குறைந்தால் 60 கெல்வின் அளவில் நின்றுவிடும். 6.3-க்குக் கீழே இறங்கினால் மீக்கடத்தியே இல்லை. அது மின்கடத்தாப் பொருள். பெயரோ மூன்றுக்கும் ஒன்றுதான்.

இப்பொருளைப் படலமாக்கும் முறைகளுள் புகழ்பெற்றது லேசர் துடிப்பால் படியவைக்கும் முறை. 1987-இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் டி. வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் இதை இப்பொருளுக்குக் கையாண்டார்கள். வெற்றிடக் கலத்தினுள் ஆக்சைடு வில்லை ஒன்று இலக்காக வைக்கப்படுகிறது. புற ஊதா லேசரின் ஒரு துடிப்பு, ஒரு நொடியின் கோடிக்கணக்கான பங்குகளுள் சில, அதன்மேல் விழுகிறது. மேற்பரப்பு அப்படியே பெயர்ந்து ஒளிரும் தழலாகச் சீறி, எதிரே சில சென்டிமீட்டர் தொலைவில் சூடாக வைத்திருக்கும் தட்டில் படிகிறது. ஒரு துடிப்புக்கு ஓர் அணுவின் தடிப்பு அளவுகூடப் படிவதில்லை. ஆயிரக்கணக்கான துடிப்புகளால்தான் படலம் உருவாகும். தழலின் நடுப்பகுதியில் மட்டுமே தனிமங்கள் சரியான விகிதத்தில் வருகின்றன என்றும், பக்கவாட்டில் சிதறுவதில் விகிதம் பிசகிவிடுகிறது என்றும் அக்குழுவே 1988-இல் எடுத்துக்காட்டியது. ஆகவே தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் பொருள் மாறிவிடும்.

தொடக்கத்தில் படிந்த படலத்தைப் பின்னர் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் ஆக்சிஜனில் சுட்டெடுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு 700 முதல் 800 டிகிரியில் தட்டை வைத்துப் படியும்போதே படிகமாக்கக் கற்றார்கள். அந்த நூறு டிகிரி இடைவெளிக்குள்ளும் சோதனைகள் பல. வெப்பம் குறைந்தால் படிகங்கள் பக்கவாட்டில் படுத்துக்கொள்கின்றன. சரியாக இருந்தால் செம்பு-ஆக்சிஜன் அடுக்குகள் தட்டுக்கு இணையாக, தோசைகளை அடுக்கியது போல் அமைகின்றன. மிஞ்சினால் தட்டின் பொருளே படலத்தினுள் ஊடுருவி அதைக் கெடுத்துவிடுகிறது. ஆக்சிஜனின் அழுத்தம் குறைந்தால் படலத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறை. கூடினால் தழல் காற்றில் மோதிச் சோர்ந்து, வரும் அணுக்கள் நகரும் வலிமையை இழந்து, மேற்பரப்பு கரடுமுரடாகிறது. எல்லாம் சரியாக முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. ஆக்சிஜனை நிறைய விட்டு, 500, 400 டிகிரி வழியாக மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். அப்போதுதான் ஏழாவது ஆக்சிஜன் உள்ளே போய் அமரும். அவசரப்பட்டு வெற்றிடத்திலேயே குளிர்வித்தவருக்குக் கிடைப்பது பளபளப்பான கருப்பு மின்கடத்தாப் பொருள்.

தட்டும் சும்மா இருப்பதன்று. கற்கண்டுக்கு நூல் போல இங்கே தட்டின் அணிக்கோவை. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் அணு இடைவெளி 3.905 ஆங்ஸ்ட்ராம்; நம் ஆக்சைடுக்கு 3.82, 3.89. ஏறக்குறையப் பொருந்துகிறது. மக்னீசியம் ஆக்சைடுக்கு 4.21, பொருத்தம் குறைவு. சாதாரணச் சிலிக்கன் தட்டானால் வேதிவினையே நடந்துவிடும்; இடையில் காப்பு அடுக்கு ஒன்று தேவை. பொருந்தாத தட்டில் படிகத் துணுக்குகள் ஆளுக்கொரு திசையில் திரும்பி நிற்கும். இரு துணுக்குகள் சந்திக்கும் எல்லையில் சாய்வு சுமார் 10 டிகிரியானாலே மின்னோட்டத் தாங்குதிறன் பெருமளவு விழுகிறது என்று ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 1988-இல் அளந்து காட்டினார்கள். நல்ல படலம் 77 கெல்வினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியர் தாங்கும். சூளையில் சுட்ட சாதாரண வில்லை சில நூறோ ஆயிரமோ தாங்கினாலே பெரிது. மாறுநிலை வெப்பநிலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

இதை வெளிநாட்டுக் கதையாக எண்ண வேண்டாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நியோபியப் படலங்களைக் கொண்டு ஸ்குவிட் என்னும் நுண்காந்த உணர்விகளைச் செய்து, இதயமும் மூளையும் எழுப்பும் மிக மெல்லிய காந்தப் புலங்களை அளந்திருக்கிறார்கள். நியோபியத்துக்கு மாறுநிலை வெப்பநிலை 9.2 கெல்வின். ஆனால் நூறு அணுக்களுக்கு ஓர் ஆக்சிஜன் அணு கரைந்தாலே ஏறத்தாழ 0.9 கெல்வின் குறைந்துவிடும். நியோபியமோ ஆக்சிஜனைத் தேடிப் பிடித்து விழுங்கும் உலோகம். ஆகையால் படலம் படியுமுன் கலத்தில் எஞ்சியிருந்த காற்று எவ்வளவு என்பதே அங்கே முதல் கேள்வி.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. படித்தபோது துத்தநாக ஆக்சைடுப் படலம் செய்வது என் ஆய்வுத் திட்டம். சூடான கண்ணாடியின்மேல் கரைசலைத் தெளிக்கும் எளிய முறைதான். ஒரு வாரம் கண்ணாடி போல் தெளிந்த படலம் வந்தது. அடுத்த வாரம் பால் சிந்தியது போல் வெண்மை. கரைசல் அதே, தெளிப்பான் அதே, வெப்பநிலைமானி காட்டியதும் அதே 400 டிகிரி. ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. நான் வெப்ப இரட்டையைச் சூடேற்றும் தகட்டில் வைத்திருந்தேனேயன்றிக் கண்ணாடியின் முகத்தில் வைக்கவில்லை. விட்டுவிட்டுத் தெளித்த நாட்களில் கண்ணாடி சூடாகவே இருந்தது. வேலையை விரைவில் முடிக்க ஒரே மூச்சில் தெளித்த நாட்களில் அது குளிர்ந்துவிட்டது. அப்படியும் என் பதிவேட்டில் "400 டிகிரி" என்று மட்டுமே எழுதிச் சமர்ப்பித்தேன். அதைப் படித்து யாராவது அந்தப் படலத்தைச் செய்ய முயன்றிருந்தால் என்னைத்தான் நொந்திருப்பார்கள்.

இந்த அறிவோடு பெங்களூர்க் கட்டுரைக்குத் திரும்புவோம். தங்கமும் வெள்ளியும் தனித்தனியே, எவ்வளவு குளிர்வித்தும், சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தியானதில்லை. எனவே கட்டுரையின் முழுப் பாரமும் 'எப்படிச் சேர்த்தோம்' என்பதன்மேல்தான் நிற்கிறது. பொருள் புதிதன்று, அமைப்புதான் புதிது. மற்றக் கட்டுரைகளில் செய்முறைச் சுருக்கத்தை மன்னிக்கலாம்; இங்கே அதுவே கண்டுபிடிப்பு. அதைச் சுருக்கியதுதான் நான் காணும் பெருங்குறை.

மேலும் பாருங்கள். தங்கமும் வெள்ளியும் எந்த விகிதத்திலும் ஒன்றில் ஒன்று கரையும் உலோகங்கள். நம் ஊர்ப் பொற்கொல்லர் அறிந்த செய்தி இது. ஒரு நானோமீட்டர் வெள்ளித் துகளில் இருப்பவை சுமார் 30 அணுக்களே. அவை தங்கத்தினுள் துகளாகவே எவ்வளவு காலம் இருக்கும்? எந்த வெப்பத்தில் கலவையாகிவிடும்? படலத்தை எத்தனை டிகிரியில் உலர்த்தினார்கள்? கூழ்மத்தில் துகள்களைப் பிரித்து வைக்கப் பயன்பட்ட வேதிப்பொருளின் எச்சம் நீங்கிவிட்டதா? தட்டு எது? பத்துப் படலம் செய்தால் எத்தனை இப்படி நடந்துகொள்கின்றன? நல்ல படலத்தையும் வாளாவிருந்த படலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைக் காட்டியிருந்தால் அந்த ஒரு படம் ஆயிரம் சந்தேகங்களைத் தீர்த்திருக்கும்.

சீரற்ற படலத்தில் மின்தடை அளவீடே ஏமாற்றிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு முனை முறையில் வெளி முனைகள் இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, உள் முனைகள் இரண்டில் மின்னழுத்தம் அளக்கிறோம். படலம் திட்டுத்திட்டாக இருந்து, குளிரும்போது எங்கோ விரிசல் விட்டு, மின்னோட்டம் வேறு பாதையில் போய்விட்டால் உள் முனைகளுக்கிடையே அழுத்தமே தோன்றாது. கருவி பூச்சியம் காட்டும். தொலைதூரப் பேருந்துகள் புறவழிச்சாலையில் போய்விட, திண்டிவனம் ஊருக்குள் நின்றுகொண்டு "இன்று சென்னைக்குப் பேருந்தே ஓடவில்லை" என்று ஒருவர் சொல்வது போன்றது இது. அக்கட்டுரையில் நிகழ்ந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. இது நிகழவில்லை என்று வாசகரை நம்பவைக்கத் தேவையான படல விவரங்கள் அதில் இல்லை என்கிறேன்.

நிறையையும் சொல்வது நியாயம். மின்தடை 'பூச்சியம்' என்று எழுதாமல், கருவியின் உணர்திறன் எல்லைக்குக் கீழே சென்றது என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள். மூடி வைக்காமல் எல்லோரும் படிக்கும் களஞ்சியத்தில் வெளியிட்டார்கள். அதனால்தான் ஸ்கின்னரால் பார்க்கவும் முடிந்தது. 2019 மே மாதத்தில், கூடுதலான ஆசிரியர்களுடன் திருத்திய வடிவம் வந்தபோது தலைப்பிலிருந்து 'மீக்கடத்துத் திறன்' என்ற சொல்லே போய்விட்டது. டயா காந்தமும் மிகச் சிறிய மின்தடையும் ஒருங்கே காணப்படுதல் என்ற பொருளில் அடக்கமான தலைப்பு வந்தது. அது நல்ல மாற்றம். ஆயினும் அறிவியல் உலகம் ஏற்கும் தனிச் சான்று இன்றுவரை வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்துவிடவில்லை.

செய்தித்தாள்களின் பங்கையும் விட்டுவிடலாகாது. 236 கெல்வின் என்பது பூச்சியத்துக்குக் கீழே 37 டிகிரி செல்சியஸ். உதகமண்டலத்தில்கூட யாரும் கண்டிராத குளிர்! அதற்கு மேலே உயர்த்தும் வழி இருப்பதாகக் கட்டுரை கூறியது உண்மை. ஆனால் நான் படித்த நறுக்கில் அந்த 236 என்ற எண்ணே இல்லை. நானும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்ற செய்தி வந்தபோது அதே வண்டியில் வேறொரு மாணவர், இம்முறை கைப்பேசியில், காட்டினார். செம்பு கலந்த ஈய அப்படைட்டு. அதுவும் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்ற அறிவிப்பு. இந்த முறை செய்முறை விரிவாக வெளியாகியிருந்தது. அதனாலேயே சில வாரங்களுக்குள் பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் செய்து பார்த்து மீக்கடத்துத் திறன் இல்லை என்றார்கள். செய்முறையில் துணைவிளைவாகத் தோன்றும் செம்புச் சல்பைடு, சுமார் 104 டிகிரி செல்சியசில் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதே மின்தடை வீழ்ச்சிக்குக் காரணம் என்பதும் வெளிப்பட்டது. அன்று நான் வகுப்பில் எதையும் அறிவிக்கவில்லை. கட்டுரையை அச்செடுத்து வந்து, செய்முறைப் பக்கத்தை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து, "இதை வைத்து நம் ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டுமானால் இன்னும் என்னென்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்துவிட்டது.

2018-இன் அந்த நறுக்கு இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதன் ஓரத்தில் பிற்பாடு பென்சிலால் எழுதி வைத்தேன்: "தட்டு எது? எத்தனை டிகிரி? எங்கே வைத்து அளந்தது?"